பேனிக் அட்டாக்கும் வெளியே போக முடியாத பயமும்: எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது

திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்து, 'இதோ உயிர் போகப் போகிறது' என்று தோன்றி, பத்துப் பதினைந்து நிமிடத்தில் எல்லாம் அடங்கி, ஆஸ்பத்திரிக்குப் போனால் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுகிறார்களா? அதற்கப்புறம் பஸ், கூட்டம், ரேஷன் கடை வரிசை, கோயில், வீட்டில் தனியாக இருப்பது என்று ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வருகிறீர்களா? முதலில் சொன்னது பேனிக் அட்டாக். இரண்டாவது, அதன் மேல் வளர்கிற அகோராஃபோபியா.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒன்றரை வருடம் பஸ் ஏறாமல் இருந்து, ஒரு உளவியலாளரின் துணையோடு வெளியே வந்தவள். பிறகு என்னைப் போலவே இருந்த சிலருக்குக் கூடமாட நின்றிருக்கிறேன். எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "அட்டாக் வந்தால் எப்படி நிறுத்துவது?" அங்கே தொடங்கினால் மாதக்கணக்கில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான், ஏனென்றால் அதை நிறுத்தப் போராடுவதுதான் அதை வளர்க்கிறது. வந்தால் வரட்டும் என்று அதோடு இருக்கப் பழகுவதுதான் சிகிச்சை. அந்த இடத்துக்குப் போகிற வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன், தயவுசெய்து தாண்டிப் படிக்காதீர்கள்.

1. உடம்பை முழுதாகப் பாருங்கள், ஒரே ஒருமுறை

தைராய்டு அதிகமானாலும் படபடப்பு வரும். ரத்தசோகையில் வரும், சர்க்கரை தாழ்ந்தால் வரும், இதயத் துடிப்பின் தாளம் தப்பினாலும் வரும். அதனால் முதலில் ஒரு பொது மருத்துவரிடம் போய் பிபி, ஈசிஜி, ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு இவ்வளவையும் பார்த்துவிடுங்கள். எக்கோ, டிரெட்மில் போன்ற இதயப் பரிசோதனைகள் வேண்டுமா என்பதை உங்கள் வயதையும் குடும்பத்தில் யாருக்கு என்ன இருக்கிறது என்பதையும் வைத்து அவர் சொல்வார்.

சில விஷயங்களை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: மாடி ஏறும்போது நெஞ்சு வலித்து, உட்கார்ந்தால் குறைகிறதா, நிஜமாகவே நினைவு தப்பி விழுந்திருக்கிறீர்களா, படபடப்பு சுவிட்ச் போட்டது போலத் தொடங்கி அதே போல் சட்டென்று நிற்கிறதா. இவற்றில் எதற்காவது 'ஆமாம்' என்றால் இதயத்தை நன்றாகப் பார்த்த பிறகுதான் அடுத்த படி.

ஏன் ஒரே ஒருமுறை? நான் ஒரே வருடத்தில் ஐந்து ஈசிஜி எடுத்தேன், ஐந்தும் நார்மல், ஒவ்வொன்றும் எனக்கு மூன்று நாள் நிம்மதி கொடுத்தது. நான்காவது நாள் 'அன்றைக்கு மெஷின் சரியாகப் பார்க்கவில்லையோ' என்று மனசு ஆரம்பிக்கும். திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுப்பதும் நோயின் ஒரு பகுதியாகிவிடுகிறது. ஆனால் இதுவரை வராத புது மாதிரி வலி, தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி வந்தால் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். தெரிந்த பழைய அறிகுறிக்காக ஓடுவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டம்: தேதி, இடம், 'என்ன ஆகும் என்று பயந்தேன்', 'நிஜமாக என்ன ஆனது'. மனசு பயத்தை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பியதை மறந்துவிடும். அதனால்தான் எழுதச் சொல்கிறேன், மொபைலில் டைப் செய்வதைவிடக் கையால் எழுதுவது நல்லது.

தினமும் முக்கால் மணி நேரம், இரண்டு மூன்று மாதத்துக்கு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்பவர்கள் ஒவ்வொரு ஞாயிறும் முதலிலிருந்து தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

முடிந்தால் சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை தெரிந்த ஒரு உளவியலாளர். பணவசதி இல்லையென்றால் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எங்கே தொடங்குவதென்றே தெரியவில்லை என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். மனநல டாக்டர் என்றாலே 'கீழ்ப்பாக்கம்' என்று கேலி செய்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம், அந்தக் கூச்சத்தால் மட்டுமே வருடங்களை இழந்தவர்கள் உண்டு. உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்ற ஆரம்பித்திருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், பயிற்சியெல்லாம் அப்புறம்.

காபி விஷயம். அதிகக் காபி, முக்கியமாக வெறும் வயிற்றில் டிகாஷன் தூக்கலாகக் குடிப்பது, படபடப்பைத் தூண்டும். முதல் சில வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதைத் திரும்பக் கொண்டுவருவோம்.

3. உடம்பில் என்ன நடக்கிறது என்பதை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தப் படியை வாசித்துவிட்டு ஓடிவிடாதீர்கள், அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கும் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அட்டாக் நடுவில் புதிதாக எதையும் யோசிக்க முடியாது, ஏற்கெனவே ஊறியிருப்பதுதான் வரும்.

ஒரு நாய் துரத்தினால் உடம்பு என்ன செய்யுமோ அதையேதான் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக ரத்தத்தைத் தசைகளுக்கு அனுப்புகிறது, மூச்சு வேகமாகிறது, வியர்க்கிறது. எல்லாம் ஓடுவதற்கான ஏற்பாடு, நாய்தான் இல்லை.

ஓடாமல் நின்றுகொண்டே வேகவேகமாக மூச்சு விடும்போது ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது குறைந்தால் மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கும், தலை கிறுகிறுக்கும், விரல் நுனியும் உதடும் மரக்கும், சுற்றியுள்ளது எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல நிஜமில்லாமல் தெரியும். அந்தக் கடைசி அறிகுறியைத்தான் பலர் 'பைத்தியம் பிடிக்கிறது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூச்சு போதவில்லை என்று தோன்றும் அந்த நேரத்தில் நீங்கள் தேவைக்கு மேல் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

மயங்கி விழுவேனா? மயக்கம் வர பிபி இறங்க வேண்டும். பேனிக் அட்டாக்கில் பெரும்பாலும் பிபி ஏறுகிறது. விழுந்துவிடுவோம் என்று தோன்றுவது உண்மை, விழுவது மிக அரிது. ரத்தத்தையோ ஊசியையோ பார்த்தால் மயங்குகிறவர்கள் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அவர்களுக்கு வேறு பயிற்சி இருக்கிறது, உளவியலாளரிடம் கேளுங்கள்.

இப்போது அந்தச் சுற்று. உடம்பில் ஒரு சின்ன மாற்றம் வருகிறது, வெயிலில் நடந்ததாக இருக்கலாம், பசியாக இருக்கலாம். 'இது ஹார்ட் அட்டாக்' என்று மனசு அதற்கு அர்த்தம் சொல்கிறது. அந்த அர்த்தம் இன்னும் அட்ரினலினைச் சுரக்க வைக்கிறது, அறிகுறி கூடுகிறது, 'பார், நான் சொன்னேனே' என்கிறது மனசு. சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், பிறகு தானாக இறங்குகிறது, ஏனென்றால் உடம்பால் அந்த வேகத்தை வெகுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. தூக்கத்திலிருந்து திடுக்கிட்டு எழுப்புகிற அட்டாக்குக்கும் இதே கதைதான், அது தனி நோய் இல்லை.

நீங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அடங்கியது என்றால், இறங்கியதால் அடங்கியது என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. இறங்காமல் இருந்திருந்தாலும் அடங்கியிருக்கும். அந்தத் தப்புக் கணக்குதான் அகோராஃபோபியா.

4. எதையெல்லாம் பிடித்துக்கொண்டு நடக்கிறீர்கள் என்று பட்டியல் போடுங்கள்

என் பட்டியல் இது: தண்ணீர் பாட்டில், குளுக்கோஸ் பாக்கெட், கைப்பையில் பதற்றத்தை அடக்கும் ஆல்ப்ரசோலம் மாத்திரை பாதி, கணவரின் நம்பரை டயல் செய்து ரெடியாக வைத்த போன், எங்கே போனாலும் கதவோரம், வழியில் எந்த ஆஸ்பத்திரி பக்கம் என்ற கணக்கு, மணிக்கட்டில் நாடி பார்ப்பது. சிலருக்கு ஆக்சிமீட்டர், சிலருக்குத் துடிப்பு காட்டும் வாட்ச். ஒரு அம்மாவுக்குத் தாயத்து. சாமி கும்பிடுவதில் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் அது கழுத்தில் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது என்றால் அதுவும் பட்டியலில்தான் வரும்.

ஏன் இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க வேண்டும்? இதையெல்லாம் வைத்துக்கொண்டு நூறு தடவை பஸ்ஸில் போனாலும் 'பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்' என்றுதான் மனசு படிக்கும். தினமும் ஆபீஸ் போய்க்கொண்டே பத்து வருடம் பயம் போகாதவர்களிடம் விசாரித்தால் இப்படி ஏதாவது ஒன்று பையில் இருக்கும்.

இன்றைக்கே எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்லவில்லை. பட்டியல் போட்டு, எதை விடுவது சுலபம், எதை விடுவது கஷ்டம் என்று எண் போட்டு வையுங்கள், அது போதும்.

5. வெளியே போகும் முன், வீட்டுக்குள்ளேயே அறிகுறிகளை வரவழையுங்கள்

பெரும்பாலோர் தாண்டிப்போவது இந்தப் படியைத்தான், திரும்ப வந்து மாட்டிக்கொள்வதும் இங்கேதான். உங்கள் உண்மையான பயம் பஸ்ஸைப் பற்றியதில்லை. பஸ்ஸில் நெஞ்சு அடித்துக்கொள்ளுமே என்பதுதான். ஆகவே முதலில் நெஞ்சடிப்போடு பழக வேண்டும், பஸ் அப்புறம்.

இதய நோய், ஆஸ்துமா, வலிப்பு, கர்ப்பம், கழுத்து எலும்புப் பிரச்சினை இவற்றில் ஏதாவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கீழே உள்ளதைச் செய்ய வேண்டாம்.

நின்ற இடத்தில் ஒரு நிமிடம் வேகமாக ஓடுங்கள், படபடப்புக்கு. ஒரு நிமிடம் வாயால் வேகமாக, ஆழமாக மூச்சு விடுங்கள், கிறுகிறுப்புக்கும் மரத்துப்போவதற்கும். ஜூஸ் கடையில் கொடுக்கிற மெல்லிய ஸ்ட்ரா வழியாக, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் மூச்சு விடுங்கள், மூச்சு முட்டலுக்கு. சுழலும் நாற்காலி இருந்தால் ஒரு நிமிடம் சுற்றுங்கள், இல்லையென்றால் சின்னப் பிள்ளைகள் போல நின்று தட்டாமாலை சுற்றுங்கள், பக்கத்தில் கூரான மேசை இல்லாமல் பார்த்துக்கொண்டு.

ஒவ்வொன்றையும் ஒருமுறை செய்து, 'என் அட்டாக் போலவே இருந்ததா', 'எவ்வளவு பயமாக இருந்தது' என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். எது மிக நெருக்கமாக இருந்ததோ அதுதான் உங்கள் மருந்து. அதைத் தினமும் மூன்று நான்கு தடவை, பயம் இரண்டுக்கு இறங்கும்வரை செய்யுங்கள். உடம்பில் உணர்வு அப்படியே இருக்கும், பயம் மட்டும் இறங்கும். நாம் தேடுவது அதைத்தான்.

இங்கே நடக்கும் தவறுகள்: அறிகுறி வர ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவது (வந்த பிறகும் பத்து இருபது நொடி தொடர வேண்டும்), முடிந்ததும் ஓடிப்போய்ப் படுப்பது அல்லது தண்ணீர் குடிப்பது, மனைவியோ கணவரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்வது. நான் முதல் வாரம் முழுக்க வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் ஸ்ட்ராவில் மூச்சு விட்டேன், எட்டாம் நாள் கதவைச் சாத்திச் செய்தபோதுதான் பயம் நிஜமாக மேலே போனது, உண்மையான பயிற்சி அன்றைக்குத்தான் தொடங்கியது.

6. வெளியே போவதற்குப் படிக்கட்டு

இப்போதுதான் பஸ். பத்துப் படி போடுங்கள், எளிதானது கீழே. என்னுடையதில் சில: தெருமுனைக் கடைவரை தனியாக, சிம்மக்கல் ஸ்டாப்பில் பதினைந்து நிமிடம் பஸ் ஏறாமல் நிற்பது, ஒரே ஒரு ஸ்டாப் போய் நடந்து திரும்புவது, சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம், காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து மாட்டுத்தாவணி, நடுவில், கதவைவிட்டுத் தள்ளி. சிம்மக்கல்லிலிருந்து கோரிப்பாளையம் சின்னத் தூரம்தான், ஆனால் நடுவில் வைகைப் பாலம் வருகிறது, டிராஃபிக்கில் பஸ் பாலத்தின் மேல் நின்றுவிட்டால் இறங்க இடமில்லை. தூரத்தை வைத்துப் படி போடாதீர்கள், 'இங்கிருந்து தப்பிக்க முடியுமா' என்று மனசு கேட்பதை வைத்துப் போடுங்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஒரே நாளில் ஆறு பஸ் ஏறி இறங்கினாலும் காசு செலவில்லை என்பது இந்தப் பயிற்சிக்கு எவ்வளவு பெரிய உதவி என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

கிளம்பும் முன் நோட்டில் எழுதுங்கள்: என்ன ஆகும் என்று நினைக்கிறேன், எத்தனை சதவீதம் நம்புகிறேன். 'பயமாக இருக்கும்' என்று எழுதாதீர்கள், அது நிச்சயம் இருக்கும். 'பாலத்தின் மேல் மயங்கி விழுவேன், 80 சதவீதம்' என்று எழுதுங்கள், வீடு வந்ததும் சரிபார்க்க முடிகிற மாதிரி.

பஸ்ஸில் அட்டாக் வந்தால் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். தோளைத் தளர்த்திவிட்டு, 'வா, எவ்வளவு வேண்டுமானாலும் ஏறு' என்று மனதுக்குள் சொல்லுங்கள், ஜன்னலுக்கு வெளியே கடைப் பலகைகளைப் பாருங்கள், நினைத்திருந்த ஸ்டாப்வரை இருங்கள். மூச்சுப் பயிற்சி? தினசரி நிதானத்துக்காக, வெளிமூச்சைக் கொஞ்சம் நீட்டி மெதுவாக விடுவது நல்ல பழக்கம். ஆனால் அட்டாக்கை நிறுத்தும் ஆயுதமாக அதைப் பஸ்ஸில் எடுத்தால் அதுவும் இன்னொரு தண்ணீர் பாட்டிலாகிவிடும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கத்தைச் செய்யாதீர்கள், மூச்சு வாங்குவதற்கு நிஜமாகவே இதயமோ நுரையீரலோ காரணமாக இருந்தால் அது ஆபத்து.

நடுவில் இறங்கிவிட்டீர்களா? சரி, இறங்கியாயிற்று. வீட்டுக்குப் போகாமல் அடுத்த பஸ்ஸைப் பிடித்து ஒரு ஸ்டாப்பாவது போங்கள். அன்றைய கடைசிக் கணக்கு தப்பித்ததாக இருக்கக் கூடாது.

ஒரு படியைக் குறைந்தது நான்கைந்து தடவை, வேறு வேறு நேரத்தில் செய்துவிட்டு மேலே போங்கள், போகப் போகப் பட்டியலில் இருந்து ஒவ்வொன்றாக வீட்டில் விடுங்கள். கடைசிப் படிகளில் அந்த ஸ்ட்ராங் காபியைக் குடித்துவிட்டுப் பஸ் ஏறுங்கள், இல்லை ஸ்டாப்வரை ஓடி மூச்சு வாங்க ஏறுங்கள். இந்த வழிகாட்டியின் ஐந்தாம் படியும் ஆறாம் படியும் சேர்கிற இடம் இது.

7. மருந்து

மருந்து எடுப்பது தோல்வி இல்லை. பயிற்சியே தொடங்க முடியாத அளவுக்கு அட்டாக் வந்துகொண்டிருந்தாலோ, கூடவே மனச்சோர்வு இருந்தாலோ மனநல மருத்துவர் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின் போன்ற ஒன்றைத் தருவார். குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள், காரணம், முதல் ஒன்றிரண்டு வாரம் படபடப்பு கூடலாம். இதை முன்பே யாரும் சொல்லாததால் மூன்றாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களைத் தெரியும். பலன் தெரிய சில வாரம் ஆகும். சரியான பிறகும் பல மாதம் தொடரச் சொல்வார்கள், நீங்களாக ஒரே நாளில் நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும், அதை நோய் திரும்பிவிட்டதாக நினைத்துப் பயப்படுவீர்கள்.

ஆல்ப்ரசோலம், குளோனசெபம் வேறு வகை. அரை மணியில் அடக்கும், அதனால்தான் ஆபத்து. பழக்கமாகிவிடும், மெடிக்கலில் தெரிந்தவர் மூலம் வாங்கிச் சாப்பிடவே கூடாது. அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினால், பஸ் ஆபத்தில்லை என்பதை மூளை கற்றுக்கொள்ளாது. ஏற்கெனவே தினமும் எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரை போகலாம், டாக்டர் சொல்கிறபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

8. வீட்டில் இருப்பவர்களுக்கு

இந்தப் பகுதியை அவர்களிடம் வாசிக்கக் கொடுங்கள். 'எல்லாம் உன் மனப்பிரமை' என்று சொல்லாதீர்கள், உடம்பில் நடப்பது நிஜம். அதே சமயம் எல்லா இடத்துக்கும் கூடவே போவதும் உதவியில்லை. என் கணவர் அன்பாலேயே ஒன்றரை வருடம் என்னை ஸ்கூட்டரில் வைத்து எல்லா இடத்துக்கும் கூட்டிப்போனார், அதனாலேயே எனக்குப் பஸ் தேவைப்படாமல் போனது.

பிறகு உளவியலாளர் சொல்லி, குறைத்துக்கொண்டே வந்தோம். முதலில் ஒரே பஸ்ஸில் பின்சீட்டில், அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டரில், அப்புறம் மாட்டுத்தாவணியில் காத்திருப்பது, கடைசியில் வீட்டிலேயே. 'எனக்கு ஒன்றும் ஆகாதே?' என்று போனில் கேட்டால் 'ஆகாது' என்று சொல்லிச் சொல்லி ஆறுதல் தராமல், 'நோட்டில் என்ன எழுதியிருக்கே?' என்று மட்டும் கேட்பார். முதல் நாள் அதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

9. திரும்ப வந்தால்

வரும். தூக்கம் கெட்ட வாரத்தில், காய்ச்சல் விட்ட பிறகு, வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு ஒரு அட்டாக் வரலாம். ஒரு அட்டாக் என்பது நோய் திரும்பியதாக ஆகாது, அதற்காக ஒரு இடத்தைத் தவிர்க்கத் தொடங்கினால்தான் திரும்புகிறது. வந்த இடத்துக்கு இரண்டு நாளுக்குள் மறுபடி போங்கள், பழைய நோட்டை எடுத்துப் பாருங்கள், இங்கே மூன்றாம் படியை மறுபடி வாசியுங்கள், ஐந்தாம் படியை ஒரு வாரம் செய்யுங்கள்.

எனக்குக் கடைசியாக வந்தது போன சித்திரைத் திருவிழா சமயத்தில், அதே பாலத்தின் மேல், பஸ் இருபது நிமிடம் நகராமல் நின்றபோது. பக்கத்தில் இருந்த பாட்டி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து எனக்கும் ஒன்று நீட்டினார். நெஞ்சு அடித்துக்கொண்டேதான் வாங்கித் தின்றேன். கோரிப்பாளையம் வந்ததும் இறங்கவில்லை, டிக்கெட்டில் இருந்தது மாட்டுத்தாவணி.